ஒன்றரை டம்ளர் பால்: பினைல்கீட்டோனூரியாவுக்கு உணவே மருந்தான முதல் நிகழ்வு

இரண்டு வயதுப் பெண் குழந்தை. நிற்க வராது, நடக்க வராது, பேச்சு இல்லை. சாப்பாட்டில் ஆர்வம் கிடையாது. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்ற கவனமும் கிடையாது. நாள் முழுக்க முனகல், அழுகை, எதிலாவது தலையை முட்டிக்கொள்வது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனையில் 1950களின் தொடக்கத்தில் பார்க்கப்பட்ட இந்தக் குழந்தையை, அன்றைய மருத்துவ மொழியில் ‘இடியட்’ என்றே குறித்தார்கள். வசையாக அல்ல, அப்போது அது ஒரு வகைப்பாடு. வகைப்படுத்தியதோடு கைகழுவிவிடும் வழக்கமும் இருந்தது.

இந்தக் குழந்தை கைகழுவப்படவில்லை. அவளுக்குக் கொடுத்த உணவும், அப்போது அவள் ரத்தத்தில் நடந்ததும் 1953ல் லான்செட் மருத்துவ இதழில் சிறு கட்டுரையாக வெளிவந்தன. எழுதியவர்கள் மூன்று பேர்: ஜெர்மனியிலிருந்து வந்திருந்த குழந்தை மருத்துவர் ஹோர்ஸ்ட் பிக்கல், குழந்தை மருத்துவர் ஜான் ஜெரார்ட், ஆய்வக உயிர்வேதியியலாளர் எவ்லின் ஹிக்மன்ஸ். ஒரே ஒரு நோயாளி. இன்று உலகம் முழுக்க பினைல்கீட்டோனூரியா (சுருக்கமாக பி.கே.யூ.) என்ற பிறவி நோய் உள்ள குழந்தைகள் சாப்பிடும் உணவுமுறை இந்த ஒரு குழந்தையின் தட்டிலிருந்து வந்தது என்று சொன்னால் பெரிய மிகை இல்லை.

இந்த நிகழ்வைப் பெரும்பாலும் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்: உணவிலிருந்து பினைல்அலனின் என்ற சத்தை நீக்கினார்கள், குழந்தை தேறியது. நடந்தது அப்படி அல்ல. நீக்கியபோது குழந்தை இளைத்தது. திரும்பக் கொஞ்சம் கொடுத்த பிறகுதான் தேறியது. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

என்ன கோளாறு

நாம் சாப்பிடும் ஏறக்குறைய எல்லாப் புரதத்திலும் பினைல்அலனின் என்ற அமினோ அமிலம், அதாவது புரதத்தைக் கட்டும் அலகுகளில் ஒன்று, உண்டு. தோராயமாக 1 கிராம் புரதத்துக்கு 50 மில்லிகிராம். உடல் தானாக அதைத் தயாரிக்காது, உணவில்தான் வர வேண்டும். வந்ததில் ஒரு பங்கு உடலின் புரதங்களைக் கட்டப் போகும். மீதியைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி டைரோசின் என்ற இன்னொரு அமினோ அமிலமாக மாற்றும். டைரோசினிலிருந்துதான் டோபமைன், தைராய்டு ஹார்மோன், முடிக்கும் தோலுக்கும் கருமை தரும் மெலனின் எல்லாம் வருகின்றன.

அந்த நொதி வேலை செய்யாவிட்டால் இரண்டு பக்கமும் அடி. பினைல்அலனின் தேங்கும், டைரோசின் வற்றும். நலமாக இருப்பவர் ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 60 மைக்ரோமோல் அளவில் இருக்கும் பினைல்அலனின், கடுமையான வகை பி.கே.யூ.வில் சிகிச்சை இல்லாமல் விட்டால் 1200ஐத் தாண்டும். அதாவது இருபது மடங்கு. தேங்கியதில் ஒரு பகுதி பினைல்பைருவிக் அமிலமாகிச் சிறுநீரில் போகும்.

அந்த அமிலத்தை வைத்துத்தான் நோயே அகப்பட்டது. 1934ல் நார்வேயில், அறிவு வளர்ச்சி குன்றிய இரண்டு பிள்ளைகளின் தாய், பிள்ளைகள் மேல் வீசும் விநோதமான வாடைக்குக் காரணம் கேட்டு அலைந்து, கடைசியில் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் வந்தார். ஃபோலிங் வேதியியலும் படித்தவர். சிறுநீரில் பெர்ரிக் குளோரைடு சொட்டு விட்டார், அடர்ந்த பச்சை நிறம் வந்தது. அந்தச் சோதனையில் பச்சை வரக் கூடாது. தோண்டிப் பார்த்ததில் பினைல்பைருவிக் அமிலம் கிடைத்தது. அப்புறம் அங்கிருந்த காப்பகங்களில் 430 பேரின் சிறுநீரைச் சோதித்து, அதே பச்சையை இன்னும் 8 பேரிடம் கண்டார். அடுத்த ஆண்டே லயனல் பென்ரோஸ் பினைல்கீட்டோனூரியா என்ற பெயரைச் சூட்டினார். 1947ல் ஜார்ஜ் ஜெர்விஸ், பினைல்அலனினை டைரோசினாக மாற்றும் படியில்தான் தடை என்று காட்டினார்.

நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது, அடைப்பு எங்கே என்றும் தெரிந்துவிட்டது. இருந்தும் பர்மிங்ஹாம் குழந்தை வந்து சேரும் வரை சிகிச்சை என்று ஒன்றும் இல்லை.

ஆய்வக வாசலில் ஒரு தாய்

குழந்தையின் நோயைப் பிக்கல் தாள் குரோமட்டோகிராஃபியில் கண்டுபிடித்தார். வடிகட்டித் தாளில் சிறுநீர்ச் சொட்டை வைத்து, கரைப்பானை ஊறவிட்டால், ஒவ்வொரு அமினோ அமிலமும் தாளில் ஒவ்வொரு தூரம் ஓடி நின்றுவிடும். சாயம் தெளித்தால் புள்ளிகளாகத் தெரியும். இந்தக் குழந்தையின் தாளில் பினைல்அலனின் புள்ளி திட்டாக, கண்ணில் அடிக்கிற மாதிரி இருந்தது. அந்தக் காலத்தில் ரத்தத்தையும் சிறுநீரையும் இப்படிப் ‘படிக்க’ முடிந்ததே புதிது. பிக்கலுக்கு அதில் பெருமை இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

தாய்க்கு அந்தத் தாள் எதையும் சொல்லவில்லை. நோயின் பெயர் சரியாகக் கிடைத்துவிட்டது என்பதில் அவருக்கு என்ன இருக்கிறது? தினமும் காலையில் ஆய்வக வாசலில் வந்து காத்திருப்பார். பிக்கல் வந்ததும் கேள்வி ஒன்றுதான்: என் பெண்ணுக்கு எப்போது ஒரு வழி சொல்வீர்கள்? இதற்கு மருந்து இல்லை என்று சொன்னதை ஏற்றுக்கொள்ளவில்லை, இல்லாவிட்டால் நீங்கள் கண்டுபிடியுங்கள் என்று நின்றார். பிற்காலத்தில் பிக்கலே எழுதிய நினைவு இது. ஒரு மருத்துவ முன்னேற்றத்துக்குப் பின்னால் கருதுகோள், நிதி, குழு என்று என்னென்னவோ சொல்வார்கள். இதில் ஒரு அம்மாவின் நச்சரிப்பும் இருந்தது.

வழி கொள்கையளவில் எளிது: பினைல்அலனின் இல்லாத புரதம் கொடுக்க வேண்டும். நடைமுறையில் அப்படி ஒரு புரதம் அன்று கையில் இல்லை. லண்டனில் இருந்த லூயி வூல்ஃப் என்ற வேதியியலாளரிடம் ஒரு யோசனை இருந்தது. பாலின் புரதமான கேசினை அமிலத்தில் வேகவைத்துத் தனித்தனி அமினோ அமிலங்களாக உடைத்துவிட வேண்டும். அந்தக் கரைசலைக் கிளர்வூட்டிய கரித்தூள் வழியாக வடிக்க வேண்டும். வளைய வடிவ மூலக்கூறு கொண்ட அமினோ அமிலங்கள் கரியில் ஒட்டிக்கொண்டு தங்கிவிடும், மற்றவை கீழே இறங்கிவிடும்.

பர்மிங்ஹாம் ஆய்வகத்தின் குளிர் அறையில், 4 டிகிரி குளிரில், கரி நிரப்பிய குழாய்களில் இதை வடித்தார்கள். ஒரு குழந்தைக்குத் தினசரி வேண்டிய புரதத்தைச் சொட்டுச் சொட்டாக வடித்தெடுப்பது என்றால் எவ்வளவு பொறுமை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கரி ஒரு வஞ்சனையும் செய்யும். பினைல்அலனினை மட்டும் பிடிக்காது, அதே வளைய வடிவம் கொண்ட டைரோசினையும் டிரிப்டோஃபேனையும் சேர்த்துப் பிடித்துவிடும். அவற்றைத் திரும்ப வெளியிலிருந்து சேர்க்க வேண்டும். ஆக, முதல் நாளிலிருந்தே இது ஒன்றைக் கழிக்கும் வேலையாக மட்டும் இல்லை. கழித்ததில் எதைத் திரும்பக் கூட்டுவது என்ற கணக்கும் கூடவே வந்தது.

இப்படிக் கிடைக்கும் கலவையின் சுவையைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைய நவீனப் பொடிகளில் ஒன்றைத் தண்ணீரில் கலக்கி நான் ஒரு மடக்கு குடித்துப் பார்த்திருக்கிறேன். முதலில் கசப்பு, பிறகு புளித்துப்போன ஒரு வாடை, பிறகு தொண்டையில் நெடுநேரம் போகாத ஒரு பிசுபிசுப்பு. ஆரஞ்சுச் சுவை சேர்த்தது என்று டப்பாவில் போட்டிருந்தது. 1951ன் கரிவடிநீர் இதைவிட மேலாக இருந்திருக்க வழியில்லை. அதையே பிரதான உணவாகக் குடித்த குழந்தை அவள்.

நான்கு வாரம்

உணவு தொடங்கியது. முதல் வாரங்களில் கணக்கு அப்படியே பலித்தது. ரத்தத்தில் பினைல்அலனின் இறங்கிக்கொண்டே வந்து இயல்பை நெருங்கியது. சிறுநீரில் பெர்ரிக் குளோரைடு விட்டால் பச்சை வரவில்லை. குழந்தையின் நடத்தையில் மட்டும் மாற்றம் எதுவும் தெரியவில்லை.

ஏறக்குறைய நான்கு வாரத்தில் கணக்கு தலைகீழானது. எடை இறங்கிக்கொண்டே போனது. இறங்கியிருந்த பினைல்அலனின் ரத்தத்திலும் சிறுநீரிலும் திரும்ப ஏறியது. அதோடு, பினைல்அலனின் மட்டுமல்லாமல் எல்லா அமினோ அமிலங்களும் சிறுநீரில் கொட்ட ஆரம்பித்தன.

வாயில் போகாத பினைல்அலனின் ரத்தத்தில் எங்கிருந்து வந்தது? கொஞ்சம் அனுபவக் குறைவான குழுவாக இருந்தால் யாரோ திருட்டுத்தனமாகப் பிஸ்கட் கொடுத்திருக்கிறார்கள் என்று தாயைச் சந்தேகித்திருக்கும். இன்றும் அளவு ஏறினால் முதல் சந்தேகம் வீட்டார் மேல்தான் போகிறது. பர்மிங்ஹாம் குழு சரியாகப் படித்தது: குழந்தை தன் உடலையே தின்றுகொண்டிருக்கிறாள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். புதுப் புரதம் கட்ட எல்லா அமினோ அமிலங்களும் ஒரே நேரத்தில் கையில் இருக்க வேண்டும். கட்டடத்துக்குச் செங்கல், மணல், கம்பி எல்லாம் வந்து குவிந்து, சிமெண்ட் மட்டும் வரவில்லை என்றால் வேலை நின்றுவிடும். பினைல்அலனின் இல்லாததால் மற்ற அமினோ அமிலங்கள் பயன்படாமல் சிறுநீரில் போயின. அத்தியாவசிய வேலைகளுக்கு உடல் தன் தசையை உடைத்தது. தசையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம். 100 கிராம் தசை கரைந்தால் சுமார் 20 கிராம் புரதம் உடைகிறது, அதிலிருந்து 800 மில்லிகிராமுக்குக் குறையாத பினைல்அலனின் வெளிவரும். உணவில் ஒரு துளியும் இல்லாமல் இருந்தாலும் ரத்தத்தில் வெள்ளமாக ஏற அது போதும்.

ஆகவே இந்த நோயில் ரத்த அளவு ஏறுவதற்கு நேர் எதிரான இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அளவுக்கு மேல் சாப்பிடுவது. இன்னொன்று, அளவுக்குக் கீழே சாப்பிடுவது. ரத்தப் பரிசோதனைத் தாளில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும். எடை, சாப்பாட்டுக் குறிப்பு, மற்ற அமினோ அமிலங்களின் அளவு இவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது என்று பிடிபடும். ஒரே எண்ணைப் பார்த்து இன்னும் குறை என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. பிந்தைய ஆண்டுகளில் சில இடங்களில் உண்மையிலேயே அப்படி நடந்தது. மிகக் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் வைத்த குழந்தைகளுக்குத் தோல் புண்ணாவதும், ரத்தசோகையும், வளர்ச்சி நிற்பதும் வந்தன. இறந்தவர்களும் உண்டு.

பர்மிங்ஹாம் குழு உணவில் சாதாரண முழுப்பாலைச் சேர்த்தது. நாளொன்றுக்கு 0.3 முதல் 0.5 கிராம் பினைல்அலனின் கிடைக்கிற அளவு. பசும்பாலில் 100 மில்லிக்கு சுமார் 160 மில்லிகிராம் என்று வைத்தால், ஒரு டம்ளருக்குச் சற்றுக் குறைவிலிருந்து ஒன்றரை டம்ளர் வரை. எடை ஏறத் தொடங்கியது. ரத்தத்தில் பினைல்அலனின் இறங்கியது. ஆமாம், பினைல்அலனின் கொடுத்தபோது பினைல்அலனின் இறங்கியது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் நினைவில் நின்றால் போதும் என்றால், அது இதுதான்.

கடுமையான வகை பி.கே.யூ. உள்ளவர்கள் இன்று ஒரு நாளில் தாங்கக்கூடிய அளவாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் 200 முதல் 500 மில்லிகிராம். ஒரே குழந்தையை வைத்து, எடைத் தராசையும் தாள் புள்ளிகளையும் மட்டும் நம்பி, எழுபது ஆண்டுக்கு முன் எட்டிய எண் அந்த எல்லைக்குள்ளேயே நிற்கிறது.

பத்து மாதம்

பிறகு வந்த பத்து மாதங்கள் மெதுவானவை. குழந்தை தவழக் கற்றாள். நிற்கக் கற்றாள். நாற்காலிகளில் ஏறினாள். கண்ணில் வெளிச்சம் வந்தது. இடைவிடாத அழுகையும் தலைமுட்டலும் நின்றன. முடி கறுத்தது.

முடி கறுத்ததைப் பலர் போகிற போக்கில் சொல்லிவிடுவார்கள். என் பார்வையில் அது இந்த நிகழ்வின் மிக நேர்மையான சாட்சி. நடத்தை தேறியது என்று சொல்லும்போது பார்ப்பவரின் ஆசையும் அதில் கலந்திருக்கலாம். முடிக்கு ஆசை தெரியாது. பினைல்அலனின் மிகுந்திருக்கும்போது, டைரோசினிலிருந்து மெலனின் உண்டாகும் வழி தடைபடும்; டைரோசினும் குறைவு. அதனால்தான் சிகிச்சை பெறாத பி.கே.யூ. குழந்தைகள் குடும்பத்தில் மற்றவர்களைவிட வெளிர்ந்த முடியும் தோலுமாக இருப்பார்கள். வேரில் கறுப்பு வரத் தொடங்கினால், ரத்தத்தில் சமநிலை திரும்புகிறது என்று உடலே எழுதிக்கொடுத்த மாதிரி.

தாய்க்குத் தெரியாமல் 5 கிராம்

சந்தேகம் ஒன்று பாக்கி இருந்தது. குழந்தைகள் வளர்ந்தால் தவழத்தான் செய்வார்கள். மருத்துவமனைக்குப் போய்வந்ததும், எல்லோரும் கவனித்ததும்கூடக் காரணமாக இருக்கலாம். உணவுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

குழு ஒரு காரியம் செய்தது. தாய்க்குத் தெரியாமல், உணவில் சுமார் 5 கிராம் பினைல்அலனினைக் கலந்தார்கள். இரண்டு வயதுப் பிள்ளை சாதாரணமாகச் சாப்பிடும் புரதத்தில் ஒரு நாளைக்கு வருவது 2 கிராமுக்குள்தான். 5 கிராம் என்பது சுமார் 100 கிராம் புரதத்துக்குச் சமம், பெரியவர்களே பலர் சாப்பிடாத அளவு.

ஆறு மணி நேரத்துக்குள் தாய் கண்டுபிடித்துவிட்டார். என்ன கலந்தது என்று தெரியாது, ஆனால் பெண் கெட்டுப்போகிறாள் என்று தெரிந்தது. மறுநாள் பார்த்த இன்னொருவரும் அதையே சொன்னார். அழுகை திரும்பியது, தலைமுட்டல் திரும்பியது. பத்து மாதத்தில் சேர்த்ததெல்லாம் சில நாள்களில் போய்விட்டது என்றார் தாய். கலப்பதை நிறுத்தியதும் குழந்தை மீண்டும் தேறினாள். பிறகு விஷயத்தைத் தாயிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடு, மருத்துவமனையில் வைத்து இதைத் திரும்பச் செய்தார்கள். நம்பாதவர்களுக்குக் காட்டப் படமும் எடுத்தார்கள்.

அறிவியலாகப் பார்த்தால் கச்சிதமான சோதனை. பார்வையாளருக்குத் தெரியாது, மாற்றியது ஒரே ஒரு பொருள், போனதும் வந்ததும் இரண்டும் பதிவாயின. மனிதர்களாகப் பார்த்தால் எனக்கு இது தொண்டையில் நிற்கிறது. தினமும் வாசலில் வந்து நின்ற அதே தாயை ஏமாற்றியிருக்கிறார்கள். நியூரம்பர்க் நெறிமுறை 1947லேயே வந்துவிட்டது, சம்மதம் என்ற சொல் அப்போது தெரியாத சொல் அல்ல. இந்தச் சோதனை இல்லாவிட்டால் உணவுச் சிகிச்சையை உலகம் ஏற்க இன்னும் பல ஆண்டு ஆகியிருக்கும், அதற்குள் பல நூறு பிள்ளைகள் கெட்டிருப்பார்கள் என்று வாதிடலாம். வாதம் பலமானதுதான். இருந்தாலும், முதலிலேயே கேட்டிருந்தால் அந்த அம்மா மறுத்திருப்பாரா? இரண்டாம் முறை சம்மதித்தவர்தானே.

ஆறு மணி நேரத்தில் மூளைக்குள் என்ன நடந்தது

நரம்பின் மேலுறை சிதைந்தது என்று சொல்ல முடியாது. அது மாதங்களிலும் ஆண்டுகளிலும் நடப்பது. மணிக்கணக்கில் மாறக்கூடியது நரம்புகளுக்கு இடையே பேசும் ரசாயனங்கள்தான். அன்று இதை விளக்கும் அறிவு கிடையாது. இன்று கையில் இருப்பதை வைத்து நான் படிக்கும் விதம் இது.

ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகும் வாசல் எல்லோருக்கும் திறந்ததல்ல. பினைல்அலனின், டைரோசின், டிரிப்டோஃபேன், லூசின், ஐசோலூசின், வேலின், மெதியோனின் என்று பருமனான ஒரு கூட்டம் அமினோ அமிலங்களுக்கு ஒரே கடத்திதான் கதவு. திருவிழா நாளில் பேருந்தில் ஏறுவது மாதிரி, முண்டியடிக்கிற கூட்டம் எதுவோ அதுதான் ஏறும். அந்தக் கடத்தியோடு ஒட்டும் திறன் பினைல்அலனினுக்கு இயல்பிலேயே அதிகம். எண்ணிக்கையும் இருபது மடங்கு ஆகிவிட்டால் மற்றவை வெளியே நிற்க வேண்டியதுதான். டைரோசின் போகாவிட்டால் டோபமைன் குறையும். டிரிப்டோஃபேன் போகாவிட்டால் செரோட்டோனின் குறையும். எரிச்சல், அழுகை, கவனமின்மை எல்லாவற்றுக்கும் இதில் இடம் இருக்கிறது.

இதனால்தான் பி.கே.யூ.வில் ஒரே ஒரு எண்ணைப் பார்ப்பது போதாது என்று ஆனது. பினைல்அலனின் எவ்வளவு என்பதோடு, டைரோசினுக்கும் அதற்கும் என்ன விகிதம் என்றும் பார்க்கிறார்கள். நலமாக இருப்பவருக்கு இரண்டும் ஏறக்குறைய சமம். பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தில் இந்த விகிதம் உயர்ந்திருந்தாலே நோய் என்று சந்தேகம் வந்துவிடும். பெரியவர்களில் கடுமையான உணவுமுறையைத் தாங்காத சிலருக்கு, மற்ற பெரிய அமினோ அமிலங்களை மாத்திரையாகக் கொடுக்கும் முறையும் இங்கிருந்து வந்ததுதான்: கூட்டத்தைக் குறைக்க முடியாவிட்டால், எதிர்க்கூட்டத்தைச் சேர்த்துவிடு.

தட்டுக்கு வந்தபோது

இந்த நிகழ்விலிருந்து வளர்ந்த உணவுமுறைக்கு மூன்று பகுதி. பினைல்அலனின் இல்லாத, டைரோசின் கூடுதலாகச் சேர்த்த அமினோ அமிலக் கலவை. அளந்து கொடுக்கும் இயற்கைப் புரதம். மீதிப் பசிக்கு, புரதமே இல்லாத அல்லது மிகக் குறைந்த உணவு. இறைச்சி, மீன், முட்டை, பருப்பு, பால் பொருள்கள் எல்லாம் வெளியே.

நம் சமையலறைக்கு மாற்றிப் பார்த்தால் அளவு புரியும். வெந்த சாதம் 100 கிராமில் சுமார் 2.7 கிராம் புரதம், அதாவது ஏறக்குறைய 140 மில்லிகிராம் பினைல்அலனின். ஒரு முட்டையில் 300க்கு மேல். நாளுக்கு 300 மில்லிகிராம்தான் என்று அளவு வைத்த பிள்ளைக்கு இரண்டு கரண்டி சாதத்திலேயே பாதி முடிந்துவிடும். சாம்பாரில் பருப்பைத் தொடவே முடியாது. ஜவ்வரிசி, சர்க்கரை, நெய், எண்ணெய் இவைதான் தாராளமாகப் போகும். தாய்ப்பாலில் புரதம் பசும்பாலைவிட மிகக் குறைவு என்பதால், பச்சிளம் குழந்தைக்குக் கலவையோடு சேர்த்துத் தாய்ப்பாலும் கொடுக்கலாம். இது பல தாய்மாருக்குப் பெரிய ஆறுதல்.

நேரமும் முக்கியம். தனி அமினோ அமிலங்கள் சாதாரணப் புரதத்தைவிட வேகமாக ரத்தத்தில் ஏறி, வேகமாக எரிந்துபோகும். முழுக் கலவையையும் காலையில் ஒரே மூச்சில் குடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, இயற்கைப் புரதத்தோடு சேர்த்துக் கொடுத்தால்தான் ரத்த அளவு அலைபாயாமல் நிற்கும். பி.கே.யூ. உள்ளவர்களின் ரத்தத்தில் பினைல்அலனின் பெரும்பாலும் அதிகாலையில்தான் உச்சத்தில் இருக்கும், சாப்பிட்ட பிறகு அல்ல. இரவு முழுக்கப் பட்டினி, உடல் கொஞ்சம் தசையை உடைக்கிறது. பர்மிங்ஹாமில் நான்கு வாரத்தில் நடந்தது, சிறிய அளவில் ஒவ்வொரு இரவும் நடக்கிறது. அதனால் ரத்தம் எடுப்பதை எப்போதும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். காலையில் எடுத்ததையும் மாலையில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் குழப்பம்தான்.

காய்ச்சல் வந்தால் இன்னும் மோசம். நம் ஊரில் காய்ச்சலென்றால் பத்தியம்: பாலை நிறுத்து, சோற்றை நிறுத்து, ரசமும் ரொட்டியும் போதும். பி.கே.யூ. பிள்ளைக்குப் புரதத்தை நிறுத்துவது மட்டும் சரி என்று தோன்றும். ஆனால் கலவையையும் சர்க்கரைச் சத்தையும் சேர்த்து நிறுத்திவிட்டால் உடல் தன்னையே உடைக்கத் தொடங்கும், ரத்த அளவு எகிறும். காய்ச்சல் நாளில் கலவையைச் சிறிது சிறிதாகவாவது உள்ளே போகவிட்டு, சர்க்கரைக் கரைசல், ஜவ்வரிசிக் கஞ்சி என்று சக்தி குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. ‘ஒன்றுமே சாப்பிடவில்லை, எப்படி ஏறியது?’ என்று பெற்றோர் கேட்பதற்குப் பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஐரோப்பிய வழிகாட்டல் 12 வயது வரை 120 முதல் 360 மைக்ரோமோல், அதற்கு மேல் 600 வரை அனுமதிக்கிறது. அமெரிக்க வழிகாட்டல் வாழ்நாள் முழுக்க 360க்குள் என்கிறது. ஐரோப்பிய அளவில் கீழ் எல்லை ஒன்றும் இருப்பதைக் கவனியுங்கள். கருவுற்ற பெண்களுக்கு 360க்கு மேல் விடுவதில்லை. தாயின் ரத்தத்தில் ஏறினால் நோயே இல்லாத குழந்தையும் சிறுத்த தலையோடும் இதயக் கோளாறோடும் பிறக்கக்கூடும்.

ஒரு நோயாளி எவ்வளவு சொல்ல முடியும்

இந்தக் குழந்தை முழுதாகத் தேறவில்லை. இரண்டு வயதுக்குள் மூளைக்கு நேர்ந்தது நேர்ந்ததுதான், உணவு அதைத் திருப்பித் தரவில்லை. அதுவே அடுத்த கேள்வியைக் கொண்டுவந்தது: பிறந்த உடனே தொடங்கினால்? சிறுநீரில் பச்சை நிறம் தெரிய வாரக்கணக்கில் ஆகும். அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் ராபர்ட் கத்ரி, வடிகட்டித் தாளில் காயவைத்த ஒரு சொட்டு ரத்தத்தைக் கொண்டு, பாக்டீரியா வளர்கிறதா என்று பார்த்துப் பினைல்அலனினை அளக்கும் எளிய முறையை உருவாக்கி 1963ல் வெளியிட்டார். பிறந்த குழந்தைகள் எல்லோரையும் பரிசோதிக்கும் வழக்கம் அங்கிருந்துதான் பரவியது. முதல் நாள்களிலேயே உணவு தொடங்கிய பிள்ளைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் வேலைக்கும் போனார்கள். கல்லீரல் நொதிதான் பழுது என்று ஜெர்விஸ் உறுதிப்படுத்தியது 1953ல். பர்மிங்ஹாம் குழந்தை அதற்குள் நாற்காலி ஏறிவிட்டாள். நோயின் வேரை முழுதாக அறிவதற்கு முன்பே வைத்தியம் வேலை செய்த கதை இது.

முதலில் ஆறு வயதில் உணவுக் கட்டுப்பாட்டை விட்டுவிடலாம் என்று நினைத்தார்கள், மூளை வளர்ச்சி அதற்குள் முடிந்துவிடும் என்பது கணக்கு. விட்டவர்களில் பலருக்கு அறிவுத்திறன் சரிந்தது. இப்போது வாழ்நாள் முழுக்க என்கிறார்கள். சொல்வது எளிது. அந்தக் கசப்புக் கலவையைப் பதினாறு வயதுப் பையனைத் தினமும் குடிக்கவைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மருந்துகளும் வந்துவிட்டன. 2007ல் சாப்ரோப்டெரின், நொதியில் கொஞ்சமாவது உயிர் மிச்சம் இருப்பவர்களுக்கு. 2018ல் பெக்வாலியேஸ், ஊசியாகப் போட்டுக்கொள்வது, ரத்தத்திலேயே பினைல்அலனினை உடைத்துவிடும் வேறொரு நொதி. இந்த இரண்டாவது மருந்து சிலருக்குத் தேவைக்கு மேல் நன்றாக வேலை செய்துவிடுகிறது. ஆயிரத்துக்கு மேல் இருந்த அளவு 30க்கும் கீழே இறங்கிவிடும். வாழ்க்கை முழுக்கப் புரதத்துக்குப் பயந்தவர்களிடம் அப்போது மருத்துவர் சொல்வது: மருந்தின் அளவைக் குறைப்போம், இல்லாவிட்டால் நீங்கள் புரதத்தைக் கூட்டுங்கள். எதில் ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு, ஒரு டம்ளர் பாலில் ஆரம்பிக்கலாம்.